பதினொரு நாள் பந்தயமும் பால்மரக் காட்டு மக்களும்

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாட்டு அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. 2026-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்துவதாக ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று சொல்லி 2023 ஜூலையில் கைகழுவிவிட்டது. கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் போட்டியை நீங்கள் நடத்துங்கள், 10 கோடி பவுண்டு உதவி தருகிறோம் என்று காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனம் மலேசியாவைக் கேட்டது. அந்தப் பணம் செலவுக்குக் காணாது என்று நம் அரசாங்கம் மறுத்துவிட்டது. பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் அதை ஏற்றுக்கொண்டது.

நல்ல வாய்ப்புப் போயிற்றே என்று வருந்தியவர்கள் உண்டு. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. நாம் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எனினும் அரசாங்கம் கூறிய காரணம் மட்டும் நமக்குப் போதாது. வரும் பணம் எவ்வளவு, போகும் பணம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சரிதான். ஆனால் 1998-இல் இதே போட்டியை நடத்தினோமே, அது யார் உழைத்த மண்ணில் நடந்தது, அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய கை நம்முடையது. வேலைக்கு வந்தவன் பெயர் ஏட்டில் விடுபட்டிருந்தால் நமக்குப் பொறுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அன்று நாமும் கைதட்டினோம்

1998 செப்டம்பர் 11-ஆம் நாள் போட்டி தொடங்கியது. அப்போது நாம் தோட்டப் பள்ளியில் படிக்கும் சிறுவர்கள். தோட்டத்து மண்டபத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் லயமே திரண்டு உட்கார்ந்திருந்தது. காமன்வெல்த் போட்டி ஆசியக் கண்டத்தில் நடப்பது அதுவே முதல் தடவை. காலமோ கெட்ட காலம். பணத்தின் மதிப்புச் சரிந்து, ஓர் அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிப்போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. ஆனாலும் நம் கொடி ஏறியபோது காலையில் வெட்டுக்குப் போய் அலுத்து வந்த பாட்டிமார்கூடக் கைதட்டினார்கள்.

ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றதை நம் தோட்டங்களில் யார் மறப்பார்? நாடு 10 தங்கம், 14 வெள்ளி, 12 வெண்கலம் பெற்று நான்காம் இடத்தில் நின்றது. அன்று தட்டிய கைதட்டலை நாம் இன்று திரும்பப் பெறவில்லை. விளையாட்டையோ விளையாட்டு வீரரையோ குறை கூறுவது நம் நோக்கமன்று.

வரவுப் பக்கத்தை மறைப்பதும் நியாயமாகாது. ஒரு லட்சம் பேர் உட்காரும்படியாகப் புக்கிட் ஜாலிலில் எழுப்பிய தேசிய விளையாட்டரங்கம் பாழாய்ப் போய்விடவில்லை. 2001-இலும் 2017-இலும் தென்கிழக்காசியப் போட்டிகள் அங்கே நடந்தன. 2007-இல் ஆசியக் கிண்ணக் காற்பந்தாட்டங்கள் நடந்தன. போட்டி நடந்த அதே ஆண்டில் அங்கே இலகு ரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் அந்த ரயிலில் ஏறி வேலைக்குப் போகும் தொழிலாளர் பல்லாயிரம் பேர். அவ்வட்டாரத்து நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்ற பண்டேலேலா ரினோங் 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டு வந்தார்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் பட்ட பாட்டை நாம் படவில்லை. 1976-இல் ஒலிம்பிக் நடத்திய அந்த நகரத்து மக்கள், விளையாட்டரங்கத்துக் கடனை 2006-இல்தான் கட்டி முடித்தார்கள். புகையிலை மீது போட்ட வரியைக் கொண்டு முப்பது ஆண்டு அடைத்த கடன் அது. அப்படிப்பட்ட பாரம் நம் தலையில் ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். நாம் பேச வந்தது வேறொரு கடனைப் பற்றி.

தோட்டம் எங்கே போயிற்று?

இன்று புக்கிட் ஜாலில் என்றால் விளையாட்டரங்கம், கொண்டோமினியம், தொழில்நுட்பப் பூங்கா, கோல்ஃப் மைதானம், பேரங்காடி. நம் பெற்றோர் காலத்தில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான். அது ஒரு ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டு, தலையில் கட்டிய விளக்கு, தோளில் காண்டா வாளி, நிரை நிரையாகப் பால்மரம், கோயில், பள்ளிக்கூடம், லயம். 2023-இல் அந்த அரங்கத்தில் ஏ. ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி நடத்தியபோது நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய் மகிழ்ந்து வந்தார்கள். அங்கே தங்கள் இனத்துப் பாட்டிமார் பால் வெட்டினார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘லாடாங்’ என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் என்று அதற்குப் பொருள். பள்ளியின் பெயரில் இருக்கும் தோட்டம் தரையில் இல்லை.

1980-இல் அந்தத் தோட்ட நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு பகுதி பகுதியாக மரங்கள் விழுந்தன. விளையாட்டு வளாகம் வந்தது. அதையொட்டி மற்றவை வந்தன. கடைசியில் மிஞ்சியது 26 ஏக்கர். அதில் லயத்து வீடுகளில் தங்கியிருந்தவை 41 குடும்பங்கள். அவர்கள் கேட்டது 26 ஏக்கரையும் அல்ல. அதில் 4 ஏக்கரை ஒதுக்கித் தரை வீடு கட்டிக் கொடுங்கள் என்றார்கள். 2011-இல் அவர்களுக்குக் கிடைத்தது வீட்டைக் காலி செய்யும்படி அறிவிப்பு. அந்த அறிவிப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது தெரியுமா? 1969-ஆம் ஆண்டு அவசரகாலத்தில், புறம்போக்கு நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்களை அப்புறப்படுத்துவதற்காகப் போட்ட விதிகளின் கீழ்!

தோழர்களே, இதைச் சற்று நின்று யோசியுங்கள். கம்பெனி கட்டிக் கொடுத்த வீட்டில், கம்பெனி வேலைக்காக, கம்பெனியே கொண்டு வந்து குடிவைத்த மக்கள் அவர்கள். அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணிலேயே தாய் தந்தையரை அடக்கம் செய்தவர்கள். நிலம் கைமாறியதும் அவர்களுக்கு வந்த பெயர் ‘அத்துமீறிக் குடியேறியவர்’.

1980-க்கும் 2011-க்கும் நடுவே 31 ஆண்டுகள். அந்த 31 ஆண்டுகளில் லட்சம் பேர் உட்காரும் அரங்கம் கட்ட நேரம் கிடைத்தது. எழுபது நாட்டு விருந்தாளிகளை வரவேற்று வழியனுப்ப நேரம் கிடைத்தது. 41 குடும்பங்களின் வீட்டு விவகாரத்தைத் தீர்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. நடந்தது பதினொரு நாள் பந்தயம். அதன் பின்னும் அந்த மண்ணின் மக்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது.

சட்டம் கொடுக்கும் கணக்கு

ஏன் இப்படி நேர்ந்தது? அதிகாரிகள் அத்தனை பேரும் கல்நெஞ்சர்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமையுள்ளவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்கிறது. லயத்துத் தொழிலாளிக்கு நிலத்தில் பட்டா ஏது? நட்டஈடு கம்பெனிக்குப் போய்ச் சேரும். தொழிலாளிக்கு வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும்.

சரி, வேலை போனதற்கு அவனுக்குக் கிடைப்பது என்ன? 1980-ஆம் ஆண்டு வேலைநீக்கச் சலுகை விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 ஆண்டு பால் வெட்டியவன் என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 20-ஆல் பெருக்கினால் 500 நாள் சம்பளம். நாள் சம்பளம் 20 வெள்ளி என்று வைத்தால் மொத்தம் 10,000 வெள்ளி. 1982 முதல் 1998 வரை இந்த நாட்டில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. ஆக, கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைக்கும் பணம் நாட்டிலேயே மலிவான வீட்டின் பாதி விலைக்கும் காணாது. மீதிக்கு அவன் எங்கே போவான்? ஐம்பது வயதைத் தாண்டிய வெட்டுக்காரனுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

‘மாற்றாக அடுக்குமாடி வீடு கொடுக்கத்தான் முன்வந்தார்களே, ஏன் மறுத்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பதிலையும் கேளுங்கள். புத்ராஜெயா நகருக்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் டெங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களின் சுவர் வெடித்து, அச்சத்தோடு அவர்கள் ஆண்டுகளைக் கழித்ததை நாடறியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டுமா? மேலும் லயத்து வாழ்க்கை என்பது நான்கு சுவர் மட்டுமன்று. வாசலில் முருங்கை, பின்புறம் கோழிக் கூண்டு, அடுத்த வீட்டில் அக்காள், எதிர் வீட்டில் மாமன், தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். முழங்கால் தேய்ந்த கிழவியைப் பத்தாம் மாடியில் ஏற்றிவிட்டு, வீடு கொடுத்தாயிற்று என்று கணக்கை மூடிவிட முடியாது.

‘நிலமில்லை’ என்று சொல்வதும் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டுப் போட்டிக்காக அதே விளையாட்டு வளாகத்தைப் புதுப்பித்தார்கள். அந்தக் கட்டுமான வேலைக்கு ஈடாக, கட்டிய நிறுவனத்துக்குப் பணத்துக்குப் பதில் அவ்வட்டாரத்து நிலத்தையே பல பத்து ஏக்கர் கொடுக்க ஏற்பாடாயிற்று. வேலைக்கு நிலம் கூலியாகும் என்பதை இதன்மூலம் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அப்படியானால், தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் வேலை செய்தவர்களின் கூலி 4 ஏக்கர் என்று கேட்டால் அது மட்டும் எப்படிப் பேராசையாகும்?

பிற நாடுகள் காட்டும் பாடம்

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1998-இல் விளையாட்டு வீரர்கள் தங்கிய கட்டடம் இன்று விஸ்தா காமன்வெல் என்ற கொண்டோமினியம். கிளாஸ்கோ நகரம் இதே காமன்வெல்த் போட்டியை 2014-இல் நடத்தியது. வீரர்கள் தங்குவதற்கு அங்கே கட்டியவை 700 வீடுகள். போட்டி முடிந்ததும் அவற்றில் 400 வீடுகளை வீட்டுவசதிச் சங்கங்களின்மூலம் சாதாரண மக்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அங்கும் வீடிழந்து புலம்பியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆயினும் ஓட்டக்காரன் படுத்த கட்டில் காலியானதும் அந்த இடத்தில் ஒரு தொழிலாளி குடும்பம் குடிவரலாம் என்பதைக் கட்டுவதற்கு முன்பே திட்டத்தில் எழுதி வைத்தார்கள். இங்கே அப்படி எழுதியிருந்தால் 41 குடும்பங்களுக்கு இடம் காண்பது ஒரு பெரிய காரியமா?

டில்லி மாநகரம் 2010-இல் இதே போட்டியை நடத்தியது. கட்டட வேலை செய்தவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலிகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் நியமித்த குழுவே கண்டு சொன்னது. கட்டார் நாட்டில் 2022-இல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தது. அங்கே வெயிலில் உழைத்தவர்களில் தமிழகத்திலிருந்து போன நம் உறவினர்களும் உண்டு. முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது என்றிருந்த நிலை 2020-இல் சட்டத்தில் நீங்கியது. 2021-இல் மாதம் 1,000 ரியால் என்று குறைந்தபட்சச் சம்பளம் எல்லாருக்கும் வந்தது. உலகத் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் குரல் கொடுத்ததற்கு அதில் பெரும் பங்குண்டு. அந்தச் சட்டம் எழுத்தளவில் வந்த வேகத்தில் நடைமுறைக்கு வரவில்லை என்ற குறை இருக்கிறது. எனினும் ஒன்று தெளிவு. உலகத்தின் கண் மைதானத்தின் மீது இருக்கும்போதே தொழிலாளி பேச வேண்டும். பந்தயம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு பேசினால் கேட்பதற்கு ஆளிருக்காது.

நாம் கேட்பது என்ன?

2027-ஆம் ஆண்டுத் தென்கிழக்காசியப் போட்டியை நடத்தும் பொறுப்பை மலேசியா ஏற்றிருக்கிறது. அதற்கப்பாலும் பெரிய போட்டிகளைக் கொண்டுவரும் ஆசை எழாமலிருக்காது. ஆகையால் நாம் கேட்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, விளையாட்டுக்காகவோ அதையொட்டி வரும் வளர்ச்சிக்காகவோ தோட்ட நிலம் எடுக்கப்பட்டால், அங்கே குடியிருக்கும் தொழிலாளருக்கு அதே நிலத்தின் ஒரு பகுதியில் சொந்த வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அரங்கத்துக்கு முதல் தூண் நடுமுன் வீட்டின் சாவி தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வீரர்களுக்குக் கட்டும் வீடுகளில் ஒரு பகுதி, பந்தயம் முடிந்தபின் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் செல்லும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டுமான வேலையில் எத்தனை பேர், என்ன சம்பளம், எத்தனை விபத்து என்ற கணக்கை வெளியிட வேண்டும். ஏற்பாட்டுக் குழுவில் தொழிற்சங்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். இந்தோனேசியத் தோழரானாலும் வங்காளதேசத் தோழரானாலும் வேலை செய்பவர் தொழிலாளியே.

நான்காவது, தோட்டத்தில் வாழ்ந்த தொழிலாளியை ‘அத்துமீறிக் குடியேறியவர்’ என்று எந்தச் சட்டமும் அழைக்கக் கூடாது.

இவை அரசாங்கத்துக்கு. நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்ற ஆண்டு நம் தோட்டத்துக்கும் நில அளவைக்காரர்கள் வந்து, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். என்ன வரப் போகிறதென்று ஆபீசில் எவரும் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு வெட்டுக்காரப் பாட்டி நம்மிடம் வந்து, “தம்பி, ரோடு வருதோ ஸ்டேடியம் வருதோ, எது வந்தாலும் நம்ம லயத்து மேலதானே வருது?” என்று கேட்டார். நாம் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், ஊழியர் சேமநிதி அறிக்கை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வேலைக்கு எடுத்த கடிதம், இவற்றில் எதையும் எறிந்துவிடாதீர்கள். எந்த ஆண்டு வந்தோம், எந்த வீட்டில் இருந்தோம், யார் யார் இருந்தோம் என்பதற்குச் சாட்சி அவைதாம். ஒவ்வொரு கிளையும் தன் லயத்துக் குடும்பங்களின் பட்டியலை எழுதி வைக்கட்டும். குச்சி நட்ட அன்றே கிளைக் கூட்டம் கூடட்டும். காகிதம் வந்த பின் கூடலாம் என்று காத்திருந்தால், வருகிற காகிதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வதாக இருக்கும். தோட்டத்துக் கிராணிமாரும் இதில் தயங்கக் கூடாது. ஏடு நம் கையில் இருக்கிறது. அந்த ஏட்டில் உள்ள பெயர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

விளையாட்டு நடக்கட்டும். நம் பிள்ளைகள் ஓடட்டும், நடக்கட்டும், தங்கம் வெல்லட்டும். நாம் மறுபடியும் கைதட்டுவோம். ஆனால் அடுத்த தடவை அந்த மண்ணின் மக்கள் தங்கள் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அதற்குக் குறைந்த எதற்கும் நம் சங்கம் இணங்கக் கூடாது.